கொதிக்கக் கூடாத டிகாக்‌ஷன்

எங்கள் வீட்டில் டிகாக்‌ஷனை நேராக அடுப்பில் ஏற்றியவள் வசவு வாங்காமல் தப்பியதில்லை. ஆறிப்போனால் வெந்நீருக்குள் பாத்திரத்தை இறக்கிச் சுடவைக்கலாம். கொதித்துவிட்டதென்றால் மாமியார் அதை முற்றத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மறுபடி பில்டர் போடச் சொல்வார். கும்பகோணத்தில் நாற்பது வருஷம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவள் நான். என் கண்ணெதிரே, பென்சில்வேனியாவின் ஓஹையோபைல் பூங்காவில், பனி விலகாத ஒரு விடியலில், மாப்பிள்ளை ஓர் அலுமினியக் கெண்டியை விறகு நெருப்பில் வைத்து டிகாக்‌ஷனைத் தளதளவென்று கொதிக்கவிட்டார்.

“தம்பி, இறக்குங்க. கொதிக்குது!”

“இல்லத்தை, இது கொதிச்சாதான் காப்பி.”

மகள் குடும்பம் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் வரும் காடு இது. பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரை உச்சரிக்கவே எனக்கு மூன்று நாள் பிடித்தது. கெண்டி, யாரோ வீட்டைக் காலி செய்யும்போது வாசலில் பரப்பி வைத்ததில் நாலு டாலருக்கு வாங்கியது. மூடியின் உச்சியில் கோலிக்குண்டைவிடப் பெரிதாக ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே ஊமத்தம்பூவைக் கவிழ்த்துவைத்த மாதிரி பாதம் விரிந்த ஒரு குழாய், அதன் மேல்பாதியில் மாட்டிய ஓட்டைக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு ஓட்டைத் தட்டு. அவ்வளவுதான் பெர்க்கலேட்டர்.

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் ஆகையால், திட்டுவதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன். தண்ணீர் முழுக்கக் கொதிக்கும்வரை அது காத்திருப்பதில்லை. குழாயின் பாதத்துக்கு அடியில் சிக்கிய கொஞ்சம் தண்ணீர்தான் முதலில் சூடேறி ஆவிக் குமிழாகிறது. குமிழ் மேலே ஓடும்போது தனக்கு முன்னால் உள்ள தண்ணீரையும் குழாய் வழியே தள்ளிக்கொண்டு போகிறது. உச்சியில் மூடியில் மோதி, தட்டில் சிதறி, தூளுக்குள் இறங்கிச் சொட்டுகிறது. பாதத்துக்கடியில் புதுத் தண்ணீர் வந்து சேர, மறுபடி ஒரு குமிழ். குளுக், குளுக் என்று சத்தம். பிசகு எங்கே என்றால், சொட்டிய டிகாக்‌ஷன் கீழேயே விழுகிறது. அடுத்த நடை மேலே ஏறுவது வெறும் தண்ணீரல்ல, அந்த டிகாக்‌ஷனேதான். போட்ட காப்பியையே திரும்பத் திரும்பத் தூளில் ஊற்றுகிற யந்திரம்!

அன்றைக்குக் கிடைத்தது காப்பி அல்ல, கஷாயம். அதில் பாதிக் குற்றம் என்னுடையது. ஊரிலிருந்து கொண்டுபோன 80-க்கு 20 சிக்கரி கலந்த நைஸ் பொடியைத்தான் கிண்ணத்தில் போட்டிருந்தேன். ஓட்டை வழியே பாதிப் பொடி கீழே இறங்கி டம்ளரின் அடியில் ஆற்று வண்டலாகப் படிந்தது. பக்கத்துக் கூடாரத்துத் தாத்தா, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நான் துப்பியதைப் பார்த்துவிட்டு வந்தார். ரவை மாதிரி கொரகொரப்பாக அரைத்த தூளைக் கொடுத்து, கண்ணாடிக் குமிழைத் தொட்டுக் காட்டினார். குமிழுக்குள் முதலில் நிறமில்லாமல் தெறிக்கும், பிறகு வைக்கோல் நிறம், பிறகு தேன் நிறம். அத்தோடு கெண்டியை நெருப்பின் ஓரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். குமிழ் நாலு விநாடிக்கு ஒருமுறை துள்ளினால் போதும், ஏழு நிமிஷத்தில் இறக்கிவிடு என்றார். அந்தக் குமிழ் இல்லாத கெண்டியை அவர் சட்டைசெய்யவே மாட்டாராம்.

வீட்டுக்குத் திரும்பியதும் பேத்தியின் கம்ப்யூட்டரில் இதன் பூர்வோத்திரத்தைத் தேடப்போக, எதிரே வந்து நின்றவர் எனக்கு நன்றாகப் பழக்கமானவர்: ரம்ஃபோர்டு பிரபு. வெப்பப் பாடம் தொடங்கும் அன்று வகுப்பில் நான் சொல்லும் கதையே அவருடையதுதான். மியூனிக் நகரில் பீரங்கிக் குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, குதிரைகளை விட்டுத் துளைபோட வைத்தார். நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. உராய்வு இருக்கும்வரை வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது, ஆகவே வெப்பம் ஒரு பொருளல்ல, இயக்கம் என்று 1798-இல் சொன்னார். இத்தனை வருஷம் அந்த ஆளைப் பீரங்கியோடு மட்டுமே சேர்த்துப் பேசியிருக்கிறேன். 1812-இல் காப்பி போடுவதைப் பற்றியே தனியாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினவர் என்பது அறுபத்திரண்டாம் வயதில்தான் தெரிந்தது.

மாமியார் இருந்திருந்தால் அவரை உட்காரவைத்து இலை போட்டிருப்பார். காப்பி கொதிக்கவே கூடாது, கொதித்தால் வாசனை ஓடிவிடும் என்பதுதான் ரம்ஃபோர்டின் கட்சி. பாரிஸில் 1800 வாக்கில் பரவியிருந்த இரண்டடுக்குச் சொட்டுப் பாத்திரத்தை எடுத்துத் திருத்தினார். அதைப் பேராயர் தெ பெல்லுவா பெயரால் சொல்வார்கள். மேலடுக்கில் தூள், அடியில் ஓட்டைகள், கீழடுக்கில் இறங்கும் டிகாக்‌ஷன். தூளை ஒரு தட்டால் அமுக்கவேண்டும், அமுக்குவதற்கு முன் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, அமுக்கிய பின் அரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்று அளவு கொடுத்திருக்கிறார். ஆறாமலிருக்கச் சுற்றிலும் வெந்நீர் உறை வேறு. நம் பித்தளை பில்டரில் தண்டு வைத்த குடைத்தட்டு எதற்கு இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால் இனிமேல் அவருடைய அளவைச் சொல்லிவிடலாம்.

அந்தச் சொட்டுப் பாத்திரத்துக்குத்தான் முதலில் பெர்க்கலேட்டர் என்று பெயர். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு வடிகட்டுதல் என்றுதான் அர்த்தம். 1819-இல் பாரிஸ் தகரக்காரர் லோரான் என்பவர் கொதிநீரைக் குழாய் வழியே ஏற்றும் பாத்திரத்துக்கு உரிமம் வாங்கினார். நாளடைவில் அந்த ஜாதிப் பாத்திரம் பெயரைச் சுருட்டிக்கொண்டது. பெயர் சொந்தக்காரர் வெறும் சொட்டுப் பாத்திரம் ஆகிவிட்டார். என்னைக் கேட்டால், எங்கள் வீட்டுப் பித்தளை பில்டர்தான் அசல் பெர்க்கலேட்டர்.

அமெரிக்காவில் பெர்க்கலேட்டருக்கு 1865 டிசம்பரில் உரிமம் பெற்றவர் ஜேம்ஸ் நேசன், மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். ரம்ஃபோர்டு பிறந்ததும் அதே மாநிலம். இன்று கடைகளில் கிடைக்கும் உருவம் 1889-இல் இலினாய்ஸ் விவசாயி ஹான்சன் குட்ரிச் பதிந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

ரம்ஃபோர்டு இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அந்த நாடு ஏன் கொதிக்கும் கெண்டிக்குப் போயிற்று? இதுதான் என்னை அரித்தது. அதற்கு முன்னால் அவர்கள் குடித்ததைத் தெரிந்துகொண்ட பிறகு கோபம் தணிந்தது. 1832-இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் சிப்பாய்களுக்கான ரம்மை நிறுத்தி, காப்பியும் சர்க்கரையும் படியளக்கச் செய்தார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படை வீரன் ஒருவனுக்கு வருஷத்துக்கு 36 பவுண்டு காப்பி; கிட்டத்தட்ட 16 கிலோ. அதைத் துப்பாக்கிக் கட்டையால் நொறுக்கித் தகரக் குவளையில் போட்டுக் கொதிக்கவைத்தான். வீடுகளிலும் அதே கொதி. கசடு படிய முட்டை ஓடு, முட்டை வெள்ளை, காய்ந்த மீன்தோல் வரைக்கும் போட்டார்கள். மாட்டுக்காரர்கள் கடைசியில் ஒரு கை பச்சைத் தண்ணீர் தெளித்தார்கள். மீன்தோல் போட்ட காப்பிக்கு முன்னால் பெர்க்கலேட்டர் காப்பி அமிர்தம்தான். தூள் கிண்ணத்திலேயே நின்றுவிடுகிறது, துணி வேண்டாம், காகிதம் வேண்டாம், எந்த அடுப்பிலும் உட்காரும்.

பிட்ஸ்பர்க்குக்கும் இதில் பங்குண்டு. அதுவரை ஜனங்கள் பச்சைக் கொட்டை வாங்கி வாணலியில் வறுத்துக் கருக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே மளிகை வைத்திருந்த ஆர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கொட்டைக்கு முட்டையும் சர்க்கரையும் பூசி, வாசனை போகாமல் ஒரு பவுண்டு பொட்டலமாக விற்றார்கள். பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய். அதற்கு ஆசைப்பட்டே ஆட்கள் அரைத்துக் கொடுக்க முன்வந்தார்களாம். 1888-இல் அதே ஊரில்தான் சார்லஸ் ஹாலின் முறைப்படி அலுமினியம் மலிவாக உருக்கும் கம்பெனி தொடங்கியது. பிற்பாடு கெண்டிகள் சல்லிசாக வீடு வீடாய்ப் போனதற்கு அந்த உலோகமும் ஒரு காரணம்.

நிபுணர்கள் சும்மா இருக்கவில்லை. 1920-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் சாமுவேல் பிரெஸ்காட் காப்பியை வருஷக்கணக்கில் ஆராய்ந்து, தண்ணீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் இருக்கவேண்டும் என்றார். யார் கேட்டார்கள்? கெண்டிக்கு மின்சாரம் வந்து, தானாக அணையும் வசதியும் வந்தது. ஒரு காப்பிக் கம்பெனியின் டெலிவிஷன் விளம்பரத்துக்கு எரிக் சைடே என்ற இசையமைப்பாளர் அந்தக் குளுக் குளுக்கையே மெட்டாகப் போட்டார். வீடு முழுக்க மணக்கிறதே என்று புகழ்ந்தார்கள். வீடு மணந்தால் டம்ளரில் என்ன மிச்சம் என்று கேட்பாரில்லை. கடைசியில் 1972-இல் மிஸ்டர் காஃபி என்ற சொட்டு யந்திரம் வந்து பெர்க்கலேட்டரை மேடையிலிருந்து பரணுக்கு ஏற்றியது. பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ அதற்கு விளம்பரம் செய்தார். ரம்ஃபோர்டு ஜெயிக்க நூற்று அறுபது வருஷம்!

ஊருக்குக் கிளம்புமுன் ஒருநாள் பெர்க்கலேட்டரை என் வழிக்குக் கொண்டுவரப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் மல்துணி வட்டமாக வெட்டிப் போட்டு, ஊர்ப் பொடியை அமுக்கி, குழாயின் மேல்வாயை மாவு உருட்டி அடைத்து, அடுப்பில் ஏற்றாமல் வெந்நீரை மேலிருந்து ஊற்றினேன். ஒரே நடை, சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. பாலைக் காய்ச்சிக் கலந்தால் கும்பகோணம் காப்பிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மகள் ருசி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இரண்டாம் டம்ளருக்குக் கை நீட்டினாள். பேத்தி மட்டும் கண்ணாடிக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாச்சி, இது ரிப்பேரா? துள்ளவே மாட்டேங்குது.”

மாவைச் சுரண்டி எடுத்து, துணியை உதறி, தாத்தா கொடுத்த கொரகொரப்புத் தூளைப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். முதல் குமிழ் தெறித்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.