ஷெர்லி அட்டை

ஷெர்லி அட்டை என்பது கலர் போட்டோ லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்பட்ட மாதிரிப் படம். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950-களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. முதன்முதலில் படத்துக்கு நின்றவர் ஷெர்லி என்ற கோடாக் ஊழியர். பின்னால் வந்த மாதிரிப் பெண்கள் எல்லோருக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெண்கள் மாறினார்கள், உடையும் தலையலங்காரமும் மாறின. வெள்ளைத் தோல் மட்டும் நெடுங்காலம் மாறவில்லை.

அட்டை வருவதற்குமுன் கோடாக் கலர் பிலிமின் விலையிலேயே கழுவி பிரிண்ட் போடும் கூலியும் சேர்ந்திருந்தது. இது ஏகபோகம் என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 1954-இல் உடன்பாட்டில் முடிந்து, வெளி லேப்களும் தொழிலில் இறங்கின. அவற்றுக்கு கோடாக் நெகட்டிவும் அட்டையும் அனுப்பியது. லேப்காரர் அந்த நெகட்டிவை மெஷினில் போட்டு ஒரு பிரிண்ட் எடுப்பார். அதை அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, முகத்தில் பச்சை தட்டுகிறதா, சிவப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டும் ஒத்துவரும்வரை மெஷினின் நிற அளவைக் கூட்டிக் குறைப்பார். அட்டையிலேயே 'நார்மல்' என்று அச்சிட்டிருப்பார்கள். அதன்பின் யார் வீட்டு பிலிம் ரோல் வந்தாலும் அந்த முகம்தான் அளவு.

குறை அட்டையோடு நிற்கவில்லை, பிலிமிலேயே இருந்தது. கருத்த தோல் ஒளியைக் குறைவாகத்தான் திருப்பியனுப்பும், அது இயற்பியல். ஆனால் பழுப்பிலும் செம்பழுப்பிலும் உள்ள நுட்பமான வேறுபாடுகளை பிலிம் பிடிக்க வேண்டுமா என்பது ரசாயனக் கலவையை முடிவுசெய்தவர்கள் கையில் இருந்தது. பள்ளி வகுப்புப் படங்களில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. வெள்ளைக் குழந்தையின் கன்னச் சிவப்புகூட விழுந்த அதே படத்தில், பக்கத்தில் உட்கார்ந்த கறுப்பினக் குழந்தைக்குக் கண்ணும் பல்லும்தான் மிஞ்சின. தாய்மார்கள் புகார் சொன்னார்கள். நம் ஊரின் பழைய கல்யாண ஆல்பங்களிலும் மாப்பிள்ளையின் வேட்டி பளிச்சென்றும் முகம் இருண்டும் கிடப்பதைப் பார்த்திருப்போம். அங்கே பழி அவர் நிறத்தின் மேல் விழுந்ததே தவிர, யாரும் பிலிமைக் குறை சொல்லவில்லை.

கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர் லோர்னா ராத், 2009-இல் வெளியான தம் கட்டுரையில் இந்த வரலாற்றைத் தொகுத்தார். தாய்மார்களுக்கு அசையாத கோடாக், சாக்லேட்டுக்கு அசைந்தது என்பதே அதில் தெரியவரும் செய்தி. பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்று விளம்பரத்துக்குப் படமெடுத்த கம்பெனிகள் முறையிட்டன. மரச்சாமான் தயாரிப்பாளர்களும் தங்கள் மரங்களின் நிற வேறுபாடு படத்தில் விழவில்லை என்றார்கள். அதன் பிறகுதான் பழுப்பு நிறங்களைப் பிடிக்கும் பிலிமில் கவனம் திரும்பியது. மேம்பட்ட பிலிமையும், மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் கருங்குதிரையின் நுணுக்கங்களைக்கூடப் படம்பிடிக்கும் என்றே பேசினார்கள். வாயில் குதிரை வந்தது, மனிதர் வரவில்லை. கறுப்பின, ஆசியப் பெண்களும் இடம்பெற்ற அட்டையை கோடாக் வெளியிட்டது 1990-களின் நடுவில்.

கருத்த முகம் வேறோர் இடத்தில் நன்றாகவே தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு, கறுப்பின மக்கள் போகுமிடமெல்லாம் உடன் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திய அடையாளப் புத்தகங்களுக்கு போலராய்டின் உடனடிப் படங்களைப் பயன்படுத்தியது. 1970-இல் அந்த நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகத்தில் வேலைபார்த்த கறுப்பின ஊழியர்கள் கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் இதை அறிந்து எதிர்ப்பியக்கம் தொடங்கினார்கள். ஹன்டருக்கு வேலை போனது. 1977-இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோதும் பழைய கணக்கு தொடர்ந்தது. அட்டையின் இடத்தை, கணினிக்குப் பயிற்சி கொடுக்கும் படத்தொகுப்புகள் பிடித்துக்கொண்டன. அவற்றிலும் வெளுத்த முகங்களே மிகுதி. 2015-இல் கூகுள் போட்டோஸ் கறுப்பினத்தவர் இருவரின் படத்துக்கு 'கொரில்லா' என்று பெயரிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அந்தச் சொல்லையே செயலியிலிருந்து எடுத்துவிட்டது. இது திருத்தம் ஆகாது, மூடிமறைப்பு. கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் மூன்று நிறுவனங்களின் முக ஆய்வு மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு, கருத்த பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. முன்னதாக, ஒரு முகமறியும் மென்பொருளுக்குத் தம் முகம் தெரியாததால் புவோலாம்வினி வெள்ளை முகமூடி அணிந்து வேலைபார்க்க நேர்ந்ததும் உண்டு.

இன்று இந்தக் குறையின் திருத்தமே விற்பனைச் சரக்கு. கூகுள் 2021-இல் பிக்சல் 6 போனை 'ரியல் டோன்' என்ற பெயரைச் சொல்லி விற்றது. மறுஆண்டு அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி ஒளிபரப்பில் அதற்கு விளம்பரமும் கொடுத்தது. அதே 2022-இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த, பத்து நிறங்கள் கொண்ட தோல்நிற அளவுகோலை யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. இன்னொரு பக்கம், முகத்தை வெளுக்கவைக்கும் 'பியூட்டி மோட்' வசதியையும் போன் கம்பெனிகள் சிறப்பம்சமாகச் சொல்லி இந்தியாவில் விற்றுவருகின்றன. கையிலிருக்கும் போனில் அது இருந்தால், அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.