விழிப்பின் ஊற்று

புலன்கள் வழியாக வந்துசேரும் செய்திகளே மூளையை விழித்திருக்க வைக்கின்றன என்றும், அவை குறைந்தால் மூளை தானாகவே உறக்கத்தில் ஆழ்கிறது என்றும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிவியலாளர் பலர் நம்பினர். இந்த நம்பிக்கைக்கு மாறான வலுவான தடயம், முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய ஒரு கொடிய மூளையழற்சியிலிருந்து கிடைத்தது. வியன்னாவில் 1917-இல் அந்நோயை விவரித்த கான்ஸ்டன்டின் வான் எகனாமோ, ஓயாது உறங்கி இறந்தவர்களின் மூளையில், நடுமூளையும் ஹைப்போதலாமஸின் பின்பகுதியும் கூடும் இடம் சிதைந்திருந்ததைக் கண்டார்.

தண்டுவடத்தைப் பெருமூளையோடு இணைக்கும் முகுளம், பான்ஸ், நடுமூளை ஆகிய மூன்றும் சேர்ந்ததே மூளைத்தண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஃபிரெடெரிக் பிரெமர் 1935-இல், பூனையின் முகுளத்துக்குக் கீழே வெட்டியபோது விழிப்பும் உறக்கமும் மாறிமாறி வந்தன. நடுமூளையின் குறுக்கே வெட்டியபோதோ கண்மணிகள் சுருங்கி, உறக்கத்துக்குரிய மெதுவான பெரிய அலைகளே மூளை மின்னலை வரைவில் நிலைத்தன. புலன்வழிகள் அறுபட்டதே இதற்குக் காரணம் என்று பிரெமர் கருதினார். அதே வெட்டு மூளைத்தண்டின் நடுப்பகுதியையும் பெருமூளையிலிருந்து துண்டித்திருந்தது என்பதன் முழுப் பொருளும் அப்போது புலப்படவில்லை.

அதை விளங்கவைத்தவர்கள், இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்றிருந்த ஜுசெப்பே மொருட்சியும், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஹொரேஸ் மகூனும் ஆவர். மூளைத்தண்டின் நடுவே, நரம்பணுக்கள் வலைபோல் பின்னிக்கிடக்கும் பகுதி ரெட்டிகுலர் அமைப்பு எனப்படுகிறது. அங்கே மெல்லிய மின்தூண்டல் அளித்தவுடன், பூனையின் மூளை அலைகள் உறக்கத்தின் தன்மையை இழந்து, விழிப்புக்குரிய சிறிய, விரைவான அலைகளாக மாறின என்று அவர்கள் 1949-இல் அறிவித்தனர். அதே காலத்தில் டொனால்ட் லிண்ட்ஸ்லி முதலானோர் மகூனுடன் சேர்ந்து செய்த சோதனைகள் ஐயத்தை அறவே நீக்கின. புலன்வழிகளை மட்டும் அறுத்தபோது விலங்கு விழித்திருந்தது, அவ்வழிகளை விட்டுவிட்டு நடுப்பகுதியைச் சிதைத்தபோது அது உணர்விழந்து கிடந்தது. விழிப்பு என்பது வெளியுலகம் தருவதன்று, மூளையே இடைவிடாது உண்டாக்குவது என்பதை நிறுவிய இந்த ஆய்வு, நரம்பியல் வரலாற்றின் பெரும் திருப்பங்களுள் ஒன்றாகும்.

ஒரே அமைப்பாகக் கருதப்பட்ட இப்பகுதி, வெவ்வேறு வேதிப்பொருள்களைச் சுரக்கும் பல நரம்புத்திரள்களின் கூட்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. பான்ஸில் உள்ள லோகஸ் செருலியஸ் நோரட்ரினலினையும், ராஃபே திரள்கள் செரட்டோனினையும், நடுமூளைக்கும் பான்ஸுக்கும் இடைப்பட்ட வேறு சில அணுக்கள் அசிட்டைல்கோலினையும் மேல்நோக்கி அனுப்புகின்றன. பெருமூளையின் ஒரு பாதியில் பெரிய காயம் பட்டவர்கூட நினைவோடு இருக்கக்கூடும் என்றாலும், நடுமூளையில் ஏற்படும் சிறு இரத்தக்கசிவே ஒருவரை ஆழ்மயக்கத்தில் தள்ளிவிடலாம் என்பதன் காரணம், மேல்நோக்கிச் செல்லும் இந்தத் தூண்டல்கள் அங்கே தடைபடுவதே.

மூச்சை இயக்கும் மையங்களும் மூளைத்தண்டிலேயே இருப்பதால், அது அழிந்தால் நினைவும் சுவாசமும் ஒருங்கே மறைகின்றன. இந்தியாவில் 1994-இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத்தண்டின் செயல்கள் அனைத்தும் மீளாத வகையில் நின்றுபோவதையே மூளைத்தண்டுச் சாவு என வரையறுத்து, அதை மருத்துவர் குழு சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என விதித்துள்ளது.