பிறப்புறுப்பு ஹெர்பிஸும் மகப்பேறும்

பிறப்புறுப்பு ஹெர்பிஸ் என்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் தீநுண்மத்தால் உண்டாகும் பால்வினைத் தொற்று ஆகும். இத்தொற்று உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகின்றனர். எனினும், மகப்பேற்றின்போது தீநுண்மம் குழந்தையைத் தொற்றினால் மூளைப் பாதிப்போ இறப்போ நேரக்கூடும். தாய்க்குத் தொற்று உள்ளதா என்பதைவிட, அது எப்போது ஏற்பட்டது என்பதே இந்த இடரைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பிறந்த குழந்தைகளில் இந்நோய் அரிது. உலகளவில் 1,00,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 10 குழந்தைகள் இதற்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நோய்க்காரணி

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் தீநுண்மத்தில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் உதட்டிலும் வாயிலும் புண்களை உண்டாக்கும், பிறப்புறுப்பையும் தொற்றும். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பைத் தொற்றும். புண்கள் ஆறிய பின்னரும் தீநுண்மம் உடலை விட்டு நீங்குவதில்லை. அது முதுகின் கீழ்ப்பகுதியிலுள்ள நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கியிருந்து, பின்னர் அவ்வப்போது வெளிப்படும். புண் எதுவும் இல்லாத நாட்களிலும் சிறிதளவு தீநுண்மம் தோலிலிருந்து வெளிப்படக்கூடும்.

தமிழில் பொதுவாக அக்கி எனப்படும் நோய் சின்னம்மையை உண்டாக்கும் வேறொரு தீநுண்மத்தால் வருவது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

குழந்தைக்குத் தொற்றும் வழி

நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் பிறப்புவழியே வெளிவரும்போது தொற்றுப் பெறுகின்றனர். ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்குப் பிறந்த பின்னர், உதட்டுப் புண் உள்ள ஒருவர் முத்தமிடுவது போன்ற நெருங்கிய தொடர்பால் தொற்றுகிறது. எஞ்சிய 5 விழுக்காட்டினருக்குக் கருப்பையிலேயே தொற்றுகிறது.

தொற்றிய காலமும் இடரும்

கருவுறுவதற்கு முன்போ கருவுற்ற முதல் மாதங்களிலோ தொற்றுப் பெற்ற பெண்ணின் உடல், அதற்கு எதிரான எதிர்ப்பொருட்களை உருவாக்கப் போதிய காலம் பெறுகிறது. அவை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் செல்கின்றன. எனவே இத்தகைய தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தொற்றும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

பேறுகாலத்தை ஒட்டி முதன்முறையாகத் தொற்றுப் பெறும் பெண்ணின் நிலை வேறு. எதிர்ப்பொருட்கள் உருவாகுமுன் குழந்தை பிறந்துவிடுகிறது. வெளிப்படும் தீநுண்மத்தின் அளவும் மிகுதி. இந்நிலையில் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை ஆகும்.

நோயுற்ற குழந்தைகளைப் பெற்ற தாய்மாரில் 60 முதல் 80 விழுக்காட்டினருக்குத் தமக்கு இத்தொற்று இருந்ததே தெரியாது. ஆகவே, தொற்று இருப்பதை அறிந்து மருத்துவரிடம் கூறும் பெண், அறியாத பெண்ணைவிடப் பாதுகாப்பான நிலையில் இருக்கிறார் எனலாம். வெட்கத்தால் இதனை மறைப்பது, எளிதில் தவிர்க்கக்கூடிய இடரைப் பெரிதாக்கும்.

வரலாறு

1971ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரே நாமியாசும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, பிறப்புறுப்பில் தொற்று உள்ள தாய்மார்களுக்கு அறுவை மகப்பேறு செய்யும் வழக்கத்துக்கு வித்திட்டது. பின்னர் கருவுற்ற பெண்களிடம் இறுதி வாரங்களில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்துத் தீநுண்ம வளர்ப்புச் சோதனை செய்யும் முறை பரவியது. 1986இல் ஆன் ஆர்வின் குழுவினர், இச்சோதனைகளைக் கொண்டு பேற்று நாளின் நிலையை முன்னறிய இயலாது எனக் காட்டினர். அதன்பின் இம்முறை கைவிடப்பட்டது.

2003இல் அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேன் பிரவுன் குழுவினரின் ஆய்வு வெளியாயிற்று. பேற்றின்போது 40,023 பெண்களிடம் மாதிரி எடுக்கப்பட்டதில், 202 பேரிடம் தீநுண்மம் காணப்பட்டது. அவர்களில் இயல்பு வழியில் பெற்ற 117 பேரின் குழந்தைகளில் 9 பேருக்கும், அறுவை வழியில் பெற்ற 85 பேரின் குழந்தைகளில் ஒருவருக்கும் தொற்றியது. அறுவை மகப்பேறு இடரைக் குறைக்கிறது, ஆனால் முற்றாக நீக்குவதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

மகப்பேற்று முறை

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டல் பின்வருமாறு அமைந்துள்ளது:

* பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வந்துபோன பெண்களுக்கு 36ஆம் வாரம் முதல் பேறு வரை அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் மாத்திரை அளிக்கப்படுகிறது. இது பேற்று நாளில் புண் தோன்றும் வாய்ப்பைக் குறைக்கிறது.
* பேற்று வலி தொடங்கியதும் பிறப்புறுப்புப் பகுதி கவனமாகப் பரிசோதிக்கப்படுகிறது. புண்ணோ, புண்ணுக்கு முன்னறிகுறியான எரிச்சலோ வலியோ இல்லாவிடில் இயல்பான மகப்பேறே ஏற்றது.
* புண் அல்லது முன்னறிகுறி இருப்பின் அறுவை மகப்பேறு பரிந்துரைக்கப்படுகிறது. பனிக்குடம் உடைந்துவிட்டாலும் இது பொருந்தும்.
* தொடை, முதுகு போன்ற பிற இடங்களில் மட்டும் புண் இருப்பின் அதனை மூடிக் கட்டிவிட்டு இயல்பான பேற்றுக்கு இடமளிக்கலாம்.

பிரித்தானிய வழிகாட்டல் சற்றே வேறுபடுகிறது. மீண்டும் தோன்றிய பழைய தொற்றின் புண்ணால் குழந்தைக்கு இடர் குறைவு என்பதால், தாயுடன் கலந்துபேசி இயல்பான மகப்பேற்றையும் தேர்ந்தெடுக்க அது இடமளிக்கிறது. குழந்தையின் தலைத்தோலில் மின்முனை பொருத்துதல், கருவிகளால் குழந்தையை வெளியே எடுத்தல் ஆகியவை தோலில் கீறலை உண்டாக்கலாம் என்பதால், இத்தாய்மார்களிடம் இயன்றவரை தவிர்க்கப்படுகின்றன.

குழந்தையில் அறிகுறிகளும் சிகிச்சையும்

அறிகுறிகள் பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று வாரங்களில், சில வேளைகளில் ஆறு வாரம் வரையிலும் தோன்றும். நோய் மூன்று வடிவங்களில் காணப்படுகிறது: தோல், கண், வாய் ஆகியவற்றோடு நிற்பது, மூளையைத் தாக்குவது, கல்லீரல், நுரையீரல் முதலிய பல உறுப்புகளுக்கும் பரவுவது. நீர்க்கொப்புளம், காய்ச்சல் அல்லது உடல் குளிர்தல், பால் குடிக்க மறுத்தல், சோர்வு, வலிப்பு ஆகியன முக்கிய அறிகுறிகள். கொப்புளமே தோன்றாமலும் நோய் முற்றக்கூடும். ஆகையால், இவற்றில் எது தென்பட்டாலும் குழந்தையை உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

ஐயம் எழுந்தவுடன், சோதனை முடிவுக்குக் காத்திராமல், அசைக்ளோவிர் சிரை வழியே செலுத்தப்படுகிறது. தோல், கண், வாய் நோய்க்கு 14 நாட்களும் மற்ற இரு வடிவங்களுக்குக் குறைந்தது 21 நாட்களும் சிகிச்சை தொடரும். அதன்பின் ஆறு மாதம் வாய்வழி மருந்து அளிக்கப்படுகிறது. சிகிச்சை இல்லாவிடில் பல உறுப்புகளுக்குப் பரவிய நோயில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரும், மூளை நோயில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரும் இறந்தனர். உயர் அளவு அசைக்ளோவிர் சிகிச்சையில் இவை முறையே 29, 4 விழுக்காடுகளாகக் குறைந்தன. ஆயினும் தாமதித்தால் உயிர் பிழைத்த குழந்தைக்கும் நிலையான மூளைப் பாதிப்பு ஏற்படலாம்.

தடுப்பு

* கருவுற்ற பெண்ணுக்குத் தொற்று இல்லாமல் கணவருக்கு இருப்பின், இறுதி மூன்று மாதங்களில் உடலுறவைத் தவிர்க்கவேண்டும். உதட்டுப் புண் உள்ளவருடன் வாய்வழிப் புணர்ச்சியையும் தவிர்க்கவேண்டும்.
* உதட்டுப் புண் உள்ள உறவினர் எவரும் பிறந்த குழந்தையை முத்தமிடலாகாது. தாய்க்கே உதட்டுப் புண் இருப்பின் கைகழுவி, வாயை மூடிக்கொண்டு குழந்தையைப் பேணலாம்.
* மார்பகத்தில் புண் இல்லாதவரை தாய்ப்பால் ஊட்டலாம். தாய் அசைக்ளோவிர் உட்கொள்வது இதற்குத் தடையன்று.

இவற்றையும் பார்க்க

* அறுவை மகப்பேறு
* பால்வினை நோய்கள்
* சின்னம்மை