கந்தில் உறைந்த தெய்வம்

கந்து என்றால் தூண். யானை கட்டும் தறியும் கந்துதான். பற்றுக்கோடு என்ற பொருளும் அதற்கு உண்டு. சங்க நூல்களில் இன்னொரு பொருளும் எதிர்ப்படும்: தெய்வம் குடியிருக்கும் தூண். ஊருக்குப் பொதுவான கூடத்தைப் பொதியில் என்றார்கள். அங்கே நின்றது கந்து. பட்டினப்பாலை காட்டும் பொதியிலில், போரில் சிறைப்பட்டு வந்த பெண்கள் நீராடி வந்து, அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். மெழுகிப் பூவிட்ட அந்த இடத்தில், வெளியூரிலிருந்து வந்தவர்கள் கந்தைத் தொழுகிறார்கள்.

புறநானூற்றின் 52ஆம் பாட்டில், மருதன் இளநாகனார் பாழான ஊர் ஒன்றைக் காட்டுகிறார். தெய்வம் கந்தைக் கைவிட்டுப் போய்விட்டது. பலி நின்றுவிட்டது. நரைத்த முதியவர்கள் காயுருட்டிச் சூதாடிக் குழிந்த இடங்களில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. இந்தப் பாட்டை என்னால் வேகமாகக் கடக்க முடிந்ததே இல்லை. சாமியும் கிழவர்களின் ஆட்டமும் ஒரே கூரையின்கீழ் இருந்ததை அது போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. ஊர் கூடாத இடத்தில் தெய்வத்துக்கு என்ன வேலை?

மணிமேகலைக் காப்பியத்துக்கு வரும்போது கந்தில் ஒரு பாவை சேர்ந்துவிட்டது. சக்கரவாளக் கோட்டத்தில் சோழ இளவரசன் உதயகுமரன் வெட்டுண்டு கிடக்க, அழும் மணிமேகலையிடம் கந்திற்பாவை பேசுகிறது. முன்பிறப்பையும் வரப்போவதையும் சொல்கிறது. தூண் பாவையானது, பாவை சிலையானது, சிலைக்குக் கற்றளி எழுந்தது. கூரையைத் தாங்குவது மட்டுமே தூணின் வேலை என்றானபின், கந்து என்ற சொல் வழிபாட்டிலிருந்து நழுவியது. கந்தன் என்ற பெயரைக் கந்தோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. வடமொழி ஸ்கந்தன்தான் கந்தனானான் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் பொதியிலின் மனம் போகவில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அதை நான் உணர்கிறேன். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின் குடவோலை முறையைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். என்னை நிறுத்துவது வேறொரு வரி. மகாசபை கூடும் நாளில் ஊரிலிருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, ஓலைகள் இட்ட குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையை எடுப்பது விவரமறியாப் பாலகன். இதை வெறும் தேர்தல் விதியாக என்னால் படிக்க முடியவில்லை. நம்பிமார் நடுவில் உயர்த்திய அந்தக் குடத்துக்கு முன் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

கடல் கடந்தும் இந்த உணர்வு உண்டு. ஜப்பானின் ஷிண்டோ மரபில் தெய்வங்களை எண்ணும்போது ஒன்று, இரண்டு என்பதோடு 'ஹஷிரா' என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். அதற்குத் தூண் என்று பொருள். சுவா ஆலயத்தில் ஆறாண்டு இடைவெளியில் 16 பெருமரங்களை மலையிலிருந்து ஊரே கூடி இழுத்துவந்து, நான்கு கோயில்களின் மூலைகளிலும் நடுகிறது. கடைசியாக நட்டது 2022இல். இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கொருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள்; 2013இல் நடந்தது 62ஆவது முறை. பழைய கோயிலைப் பிரித்தெடுத்த மனையில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பும் ஒரு சின்னக் கொட்டகையும்தான் மிஞ்சும். நடுத்தூண் நிற்கும் இடத்துக்கு அந்தக் கொட்டகை காவல். அதைப் பட்டினப்பாலைப் புலவர் கண்டிருந்தால் விளக்கம் கேட்டிருக்கமாட்டார்.

நம்மிடம் சொல் போனது, பொருள் போகவில்லை. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதைப் பாருங்கள். ஈசானிய மூலையில் குழி தோண்டி, நவதானியமும் பாலும் விட்டு, மஞ்சள் குங்குமம் பூசி மாவிலை கட்டிய காலைச் சுமங்கலிகள் கைவைத்து ஊன்றுகிறார்கள். கற்பூரம் காட்டிக் கும்பிடுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் இப்படியே கால் நடுகிறார்கள். அந்தக் கால் பந்தலைத் தாங்க வேண்டுமென்ற கட்டாயம்கூட இல்லை. பந்தல்காரர் பின்னால் வந்து வேறு கால்கள் ஊன்றிக்கொள்வார். கல்யாணம் முடியும்வரை வீட்டார் இழவு வீட்டுக்குப் போகமாட்டார்கள். ஏனென்று கேட்டால், "கால் நட்டாச்சே" என்பார்கள்.