லாபத்தில் கால் பங்கு

போன வாரம் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைக் காட்டினான். அமெரிக்காவின் சென்சஸ் பீரோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவது. நீடித்து உழைக்கும் சாமான்களை மொத்தமாக விற்கும் பெரிய கம்பெனிகள், பங்குதாரர்களுக்குக் கொடுத்தது போக, எவ்வளவு லாபத்தைத் தங்களிடமே நிறுத்தி வைத்திருக்கின்றன என்ற கணக்கும் அதில் இருந்தது. "இதைப் பார்த்து நாட்டு நிலைமையைச் சொல்லிவிடலாமா தாத்தா?" என்றான். பட்டுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவனிடம் கேட்டால் சும்மா விடுவேனா?

அந்த வகைப்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கார், மெஷின், மரச்சாமான், நகை எல்லாம் நீடித்து உழைப்பவை. துணிமணி அந்தக் கணக்கில் வராது. பாட்டியின் முகூர்த்தப் புடவையைப் பேத்தி எடுத்துக் கட்டுகிற ஊர் நம்முடையது. நம்மைக் கேட்டா பிரித்தார்கள்!

லாபத்தை நிறுத்தி வைக்கிற விஷயத்தில் காஞ்சிபுரத்துக்குப் பழைய சம்பந்தம் உண்டு. பிரெடெரிக் நிக்கல்சன் ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராய்ந்து, மதராஸ் அரசுக்கு 1895லும் 1897லும் அறிக்கை கொடுத்தார். பிறகு 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் காஞ்சிபுரத்தில் பதிவானது. லாபத்தில் கால் பங்கை ஒதுக்கு நிதியில் சேர்த்த பிறகுதான் நகரச் சங்கம் டிவிடெண்ட் தரலாம் என்பது சட்டம். 1912ல் வந்த அடுத்த சட்டமும் அந்தக் கால் பங்கை விடவில்லை.

ஏன் இந்தக் கட்டாயம்? நெசவை வைத்துப் பாருங்கள். பட்டு கர்நாடகத்திலிருந்து வரும், சரிகை சூரத்திலிருந்து வரும். இரண்டுக்கும் முதலில் பணம் கட்ட வேண்டும். புடவையை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்த அன்று நெசவாளிக்குக் கூலி வேண்டும். ஆனால் புடவை விற்பது முகூர்த்த மாதங்களில்தான். ஆடியும் மார்கழியும் வியாபாரம் படுத்துவிடும். அந்த இடைவெளியை ஒன்று கைப்பணம் அடைக்க வேண்டும், இல்லையென்றால் வட்டிப் பணம் அடைக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சங்கத்துக்கு ஒரு நல்ல வருஷம். "லாபம் எங்கள் உழைப்பு, தீபாவளிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று பொதுக்கூட்டத்தில் சத்தம் போட்டார்கள். சட்டத்துக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரித்தார்கள். நானும் கை தட்டினேன். மறுவருஷம் பட்டு விலை ஏறியது. வங்கிக் கடனும் வரம்பை எட்டிவிட்டது. உறுப்பினர்களுக்குப் பாவு கொடுப்பது நின்றது. என் அப்பாவும் உறுப்பினர்தான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி இரண்டு மாதம் சும்மா கிடந்தது. அப்பா காலையில் குளித்து, திருநீறு இட்டு, வழக்கம்போலத் தறிக்குழி ஓரத்தில் வந்து உட்காருவார். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு நான் ஒதுக்கு நிதியின் கட்சிக்காரன் ஆனேன். ஆனால் அதிலும் ஒரு பாடம் இருந்தது. சில வருஷம் கழித்து நிதி நன்றாகவே ஏறியிருந்தது, ஏட்டில்! பீரோவைத் திறந்தால் அந்தப் பணமெல்லாம் புடவையாக மடிந்து கிடந்தது. நாகரிகம் போன கலர், பழைய பார்டர். மடிப்பில் சரிகை கறுக்க ஆரம்பித்திருந்தது. தள்ளுபடியில் விற்றபோதுதான் உண்மை லாபம் எவ்வளவு என்று தெரிந்தது. ஒதுக்கு நிதி என்று எழுதிவிட்டால் மட்டும் அது பெட்டியில் ரொக்கமாக இருந்துவிடாது.

பேரனிடம் இதைத்தான் சொன்னேன். நிறுத்தி வைத்த லாபம் ஏறினால் வியாபாரி பயமில்லாமல் இருக்கிறான் என்று அர்த்தமாக இருக்கலாம். பயந்துபோய்க் கையை மூடிக்கொண்டான் என்றும் இருக்கலாம். சரக்கு தேங்கியிருக்கிறதா என்று பக்கத்திலேயே பார்க்க வேண்டும். கூலி பாக்கி எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

"மூன்றில் எதை முதலில் பார்ப்பீங்க தாத்தா?"

"கூலி பாக்கியை" என்றேன். அப்பா உட்கார்ந்திருந்த அந்தத் தறிக்குழி ஓரம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.