வயதுக்கேற்ற விளையாட்டுப் பொருள்கள்: பழனி வட்டாரத்தை முன்வைத்து

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி பாலசமுத்திரம். இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கும் காலம் என்றால் அது தைப்பூசமும் பங்குனி உத்திரமும்தான். பழனி அடிவாரக் கடைகளில் கிலுகிலுப்பை, ஊதல், பலூன், நடைவண்டி, சொப்பு, பம்பரம் எல்லாம் ஒரே பலகையில் கிடக்கும். எந்த வயதுப் பிள்ளைக்கு எதை வாங்குவது என்ற கேள்வி தமிழருக்குப் புதியதன்று.

பாலசமுத்திரத்தை அடுத்த பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவை அணிகலன்கள், விளையாட்டுப் பொருள் என்று சொல்வதற்கில்லை. பழைய பொம்மையைத் தெளிவாகக் காட்டுவது சங்க இலக்கியமே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், உலரும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி, சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேரை வழிமறிக்கிறது. அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்த சிறுதேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் பாலுண்டு உறங்குகின்றனர். குறுந்தொகையின் 61ஆம் பாடலும் தச்சன் செய்த சிறுதேரைச் சொல்கிறது: ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் கையால் இழுத்து மகிழ்வார்களாம். பொம்மைக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைப்பது அரிது.

வயதையும் விளையாட்டையும் வரிசைப்படுத்தியது பிள்ளைத்தமிழ். நமக்குக் கிடைப்பவற்றுள் பழையது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். காப்பு முதலான பத்துப் பருவங்களில், தலையும் உடலும் அசைத்தாடும் செங்கீரை ஐந்தாம் மாதத்திற்கும், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்திற்கும் உரியவை. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். மாதக் கணக்கில் பாட்டியல் நூல்கள் தம்முள் சற்று வேறுபடும். ஆனால் உடல் எதற்குத் தயாராகிறதோ அதுவே விளையாட்டு என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் பொது. பறையும் தேரும் கடைசியில் வருவது தற்செயலன்று. நிற்கவும் பிடிக்கவும் தெரிந்த பிறகே அவை பயன்படும்.

நடைவண்டி இந்த எண்ணத்தில் பிறந்த பொருள். மூன்று மரச்சக்கரம், முன்னே ஒரு கைப்பிடிச் சட்டம், அவ்வளவுதான். குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அது ஓடாது. இன்று கடைகளில் விற்கும் ‘வாக்கர்’ வேறு வகை. குழந்தையை இருக்கையில் தொங்கவிட்டு, நிற்கும் முன்பே ஓட வைக்கிறது. படிக்கட்டில் உருண்ட விபத்துகள் பெருகியதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. இரண்டும் ஒன்றே என்று எண்ணி ஆறு மாதக் குழந்தைக்கு வாக்கர் வாங்கித் தருவோர் நம்மிடையே பலர்.

இதே சிந்தனையைக் கல்வி முறையாக வளர்த்த மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாறு வந்தார். போர்க்காலத்தில், 1942 முதல் 1944 வரை, அவர் தங்கியது கொடைக்கானலில். பாலசமுத்திரத்துக்குத் தெற்கே தெரியும் மலைத்தொடரின் மேலுள்ள ஊர் அது. ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஒரு பண்பை மட்டும், அளவையோ நிறத்தையோ, கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. விளக்கெரிந்து, பாடி, தானே ஓடும் பொம்மை குழந்தைக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. அம்பாசமுத்திரத்து மரச் சொப்போ மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு சமையலறையையே கொடுத்துவிடுகிறது.

பழைய பொம்மைகள் எல்லாம் தீங்கற்றவை என்பதும் சரியன்று. பனையோலைக் கிலுகிலுப்பை பிரிந்தால் உள்ளிருக்கும் சிறுகல் வாய்க்குள் போகும். பம்பரத்தில் ஆணி உண்டு. அண்ணனுக்கு வாங்கிய கோலிக்குண்டு தம்பியின் தொண்டையில் அடைப்பது திருவிழா முடிந்த வீடுகளில் உண்மையான ஆபத்து.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுவதும் அடங்கும் சிறுபகுதி இருக்கக் கூடாது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே பெரிய வாய் கொண்ட குழல் என்று கொள்ளலாம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் படைப்புகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. சிறு கைவினைஞர் பிழைக்க அந்த விலக்கு தேவைதான். ஆனால் அடிவாரக் கடைப் பலகையில் விலக்குப் பெற்ற மர வண்டியும், எங்கோ வார்த்த முத்திரையற்ற பிளாஸ்டிக் ஊதலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அங்கே சோதிப்பவர் வாங்குபவர் மட்டுமே. சக்கரத்தை இழுத்துப் பார்ப்பது, சாயத்தை ஈரத் துணியால் தேய்த்துப் பார்ப்பது, மின்கல அறைக்குத் திருகாணி உண்டா என்று திருப்பிப் பார்ப்பது: மூன்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் போதும்.