மேடைப்பேச்சுக்கு வயது என்ன?

"தமிழனுக்குப் பேச்சு பிறவியிலேயே வந்தது" என்று எந்த மேடையில் சொன்னாலும் கைதட்டல் நிச்சயம். வள்ளுவரில் ஆரம்பித்து அண்ணா வரைக்கும் ஒரே மூச்சில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் நின்று, தமிழில் பேசி, அவர்களை ஒரு முடிவு எடுக்க வைப்பதுதான் மேடைப்பேச்சு என்றால், அதற்கு நம்மிடம் இருநூறு வயது கூட ஆகவில்லை. சண்டைக்கு வருவதற்கு முன்னால் ஒரு நடை கிரேக்கம் வரைக்கும் போய்விட்டு வந்துவிடலாம். :-)

பேச்சுக்கலை எங்கே பிறந்தது என்ற கேள்விக்குப் பழைய கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் கை காட்டுவது சிசிலித் தீவில் இருக்கும் சிராகூஸ் நகரத்தை. கி.மு. 466 வாக்கில் அங்கே கொடுங்கோல் ஆட்சி கவிழ்ந்தது. பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்டு ஜனங்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவரவர் வழக்கை அவரவர்தான் பேச வேண்டும். "இப்படிப் பேசினால் எடுபடும்" என்று சொல்லிக் கொடுக்க கோராக்ஸ், டிசியாஸ் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள் என்பது மரபு.

இவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. சிஷ்யன் டிசியாஸ் ஃபீஸ் கட்டவில்லை. குரு கோராக்ஸ் வழக்குப் போட்டார். "நான் ஜெயித்தால் தீர்ப்புப்படி பணம் தர வேண்டாம். தோற்றால், நீங்கள் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம், அப்போதும் தர வேண்டாம்" என்றான் சிஷ்யன். "நான் ஜெயித்தால் தீர்ப்புப்படி தர வேண்டும். நீ ஜெயித்தால், நான் நன்றாகச் சொல்லித் தந்திருக்கிறேன், அப்போதும் தர வேண்டும்" என்றார் குரு. நீதிபதிகள் இரண்டு பேரையும் விரட்டிவிட்டார்களாம்! கோராக்ஸ் என்றால் கிரேக்கத்தில் காக்கை. கெட்ட காக்கைக்குக் கெட்ட முட்டைதான் பிறக்கும் என்று திட்டி அனுப்பினதாகக் கதை முடிகிறது.

கதை நடந்ததோ இல்லையோ, அதற்குப் பின்னால் இருக்கிற காரணம் முக்கியம். ஏதென்ஸிலும் அதே காரணம்தான். அங்கே ஒரு வழக்கைக் கேட்கச் சாதாரணக் குடிமக்கள் நூற்றுக்கணக்கில் உட்காருவார்கள். போர் வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குன்றின் மேல் கூடிய சபை கை தூக்கி முடிவு செய்யும். (பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கி.மு. 427ல் சிசிலியிலிருந்து தூதராக வந்த கோர்ஜியாஸ், தன் பேச்சால் ஏதென்ஸையே அசத்தினார். முடிவெடுக்கும் அதிகாரம் கேட்பவன் கைக்குப் போனதும் பேச்சு ஒரு கலையாகிவிட்டது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், போட்டி இல்லாத ஏகபோகக் கம்பெனிக்கு விளம்பரம் தேவையில்லை. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகலாம் என்ற நிலை வந்தால்தான் விளம்பரம் வரும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

திருக்குறளில் சொல்வன்மை (65), அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) என்று பேச்சுக்கே மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் அவை வருகிற இடத்தைப் பாருங்கள். மூன்றுமே அமைச்சரைப் பற்றிய பகுதியில் வருகின்றன. பேசுகிறவர் அமைச்சர், கேட்பவர்கள் அரசனும் கற்றோர் அவையும். மணிமேகலையின் 27வது காதையில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையை எடுத்து வைக்கிறார்கள். அதுவும் அறிஞர்கள் உலகம். கோயில்களில் புராணம் சொன்னார்கள், ஊரே உட்கார்ந்து கேட்டது. ஆனால் கேட்டவர்களிடம் யாரும் "நீ என்ன முடிவு எடுக்கப் போகிறாய்?" என்று கேட்கவில்லை.

"உத்திரமேரூரில் தேர்தலே நடந்ததே!" என்று யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் (919, 921) சொல்வது குடவோலை முறையை. சொந்த நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு என்று தகுதி பார்த்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குடத்திடம் பிரசாரம் செய்ய முடியாதே!

ஆக, பேசத் தெரிந்தவர்கள் நம்மிடம் எப்போதும் இருந்தார்கள். யாரோ ஒருவரைச் சம்மதிக்க வைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடிதான் பிறகு வந்தது.

அது முதலில் வந்தது மதத்தில். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் தெருவில் நின்று தமிழில் பிரசங்கம் செய்தார்கள். கேட்பவன் யாராக இருந்தாலும், ஒரு பேச்சைக் கேட்டு மனம் மாறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் பாதிரியார் பெர்சிவலுடன் பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை பார்த்த நல்லூர் ஆறுமுகத்துக்கு அந்த முறை நன்றாகத் தெரியும். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அதே முறையைச் சைவத்துக்காகக் கையில் எடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, 1849ல், திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்தது. எதிர்க்கடை திறந்தவுடன் இந்தக் கடையிலும் குரல் எழும்பியது என்று வைத்துக் கொள்ளலாம்.

அரசியலுக்கு அது வர இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. 1884ல் சென்னை மகாஜன சபை ஆரம்பமானது. மயிலாப்பூர் வக்கீல்கள் உட்பட அன்றைய சென்னைத் தலைவர்கள் பிரமாதமான பேச்சாளர்கள்தான், ஆனால் ஆங்கிலத்தில். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர்கள் கோரிக்கை வைத்தது வெள்ளைக்கார அரசாங்கத்திடம். முடிவெடுப்பவன் பேசுகிற பாஷையில்தானே பேச வேண்டும்?

1905ல் வங்கப் பிரிவினையும் அதைத் தொடர்ந்து சுதேசி இயக்கமும் வந்ததும் கணக்கு மாறியது. அன்னியத் துணியை வாங்காதே என்பது கவர்னரிடம் வைக்கிற கோரிக்கை இல்லை. துணிக்கடையில் நிற்கிறவர் எடுக்க வேண்டிய முடிவு. 1907 மே மாதம் வங்கத்திலிருந்து வந்த விபின் சந்திர பால் மெரினா கடற்கரையில் தொடர்ந்து பேசினார். பெரிய கூட்டம். பேச்சு ஆங்கிலத்தில். எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? அதே கடற்கரையில் பாரதியாரும் அவருடைய நண்பர்களும் ஜனங்களின் பாஷையில் கூட்டம் நடத்த ஆரம்பித்தார்கள்.

அதன் முழு பலம் தெரிந்தது தூத்துக்குடியில். 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசிய பேச்சுக்களைக் கேட்டவர்களில் கோரல் மில் தொழிலாளர்களும் இருந்தார்கள். பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது, தொழிலாளர்களுக்குச் சாதகமாக முடிந்தது. மார்ச் 12 அன்று இருவரும் கைது. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். (மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது.) மேடையில் என்ன பேசினார்கள் என்று போலீஸ்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகள்தான் வழக்கின் முக்கியமான சாட்சியம். சிராகூஸில் வழக்குக்காகப் பேச்சு பிறந்தது. திருநெல்வேலியில் பேச்சே குற்றவாளிக் கூண்டில் நின்றது. தமிழ்ப் பேச்சுக்கு எவ்வளவு பலம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சர்டிபிகேட் கொடுத்ததில்லை.

அடுத்த கட்டம் மறுபடியும் சென்னையில். அடையாறு தியசாபிகல் சொசைட்டியைச் சேர்ந்த பி.பி.வாடியா பம்பாய்ப் பார்சி, தமிழ் தெரியாது. பெரம்பூர் மில் தொழிலாளர்களிடம் அவர் ஆங்கிலத்தில் பேசுவார், ஒருவர் தமிழில் சொல்வார். 1918 ஏப்ரல் 27 அன்று உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் அவரோடு நின்றவர் திரு.வி.க. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, 1917ல் வேலையை விட்டு 'தேசபக்தன்' ஆசிரியரானவர். வகுப்பறைத் தமிழ் ஆலை வாசலுக்கு வந்தது இப்படித்தான். பிறகு 1943 பிப்ரவரி 9 அன்று சென்னை சட்டக் கல்லூரியில், கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்ற விவாதத்தில் அண்ணாவும் ரா.பி.சேதுப்பிள்ளையும் எதிரெதிரே பேசினார்கள். 1967ல் அந்த மேடைத் தமிழ் கோட்டைக்கே போனது.

இவ்வளவு சொன்ன பிறகு பிளேட்டோவின் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. "சரி, இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா?" பிளேட்டோ தன் நூல் ஒன்றில் பேச்சுக்கலையைச் சமையலோடு ஒப்பிடுகிறார். மருந்து உடம்புக்கு நல்லது செய்யும், சமையல் நாக்குக்கு ருசி மட்டும் காட்டும் என்கிறார். அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கி.மு. 399ல் அவருடைய குரு சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு மக்கள் நீதிமன்றம்தான்.

அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் வேறு வழி பார்த்தார். பேச்சு எதனால் எடுபடுகிறது என்று பிரித்து எழுதிவிட்டார்: பேசுகிறவர் மேல் உள்ள நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்கிற வாதம். வ.உ.சி. பேச்சு எடுபட்டதற்கு அவர் சொந்த நஷ்டத்தில் கப்பல் ஓட்டியதும் ஒரு காரணம் என்பது இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் உடனே புரியும். உண்மைக்கு இயல்பாகவே பலம் அதிகம், அது தோற்றால் அதன் பக்கம் பேசினவர்கள் சரியாகப் பேசவில்லை என்பது அவர் கட்சி.

எனக்கு அரிஸ்டாட்டில் பக்கம்தான் சாய்வு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எதிர்க்கட்சிக்கும் அதே மைதானம் கிடைக்க வேண்டும். மயிலாப்பூர் மாங்கொல்லையில் இன்று ஒரு கட்சி பேசினால், இன்னொரு நாள் எதிர்க்கட்சி அதே இடத்தில் பதில் சொல்லும். கூட்டத்தில் நிற்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா, முணுமுணுக்கிறாரா என்பதும் தெரியும். மெரினாவில் எத்தனையோ கூட்டம் கண்ட சீரணி அரங்கத்தை 2003ல் இடித்துவிட்டார்கள். இப்போது நம்மைச் சம்மதிக்க வைக்கும் வேலை பெரும்பாலும் செல்போனில் நடக்கிறது. ஃபார்வர்டு மெசேஜை நாம் தனியாகப் படிக்கிறோம். அதற்கு வந்த பதில் நம் கைக்கு வருவதே இல்லை. பிளேட்டோ பயந்தது இதற்குத்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது.

பேச்சுக்கலையை உருவாக்கியது கேட்பவனின் அதிகாரம். அதனால் பேசக் கற்றுக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, கேட்கவாவது கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை பக்கத்தில் பொதுக்கூட்டம் என்றால் பின்வரிசையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். நம்பிக்கை, உணர்ச்சி, வாதம் என்று மூன்று கட்டம் போட்டு மார்க் போடுங்கள். அடுத்து எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் போக மறக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு விழுந்தது என்று வந்து சொல்லுங்கள்.